உப்பு நர்சம்மா

ஞானமணிக்கு எங்கள் பக்கத்தில் உப்பு நர்சம்மா என்று பெயர். வெளியூர்க்காரர்கள் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். செல்லமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதலில் வைத்தவர்கள் கேலிக்கு வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் காரணம் தெரியாமல் கூப்பிட்டார்கள். அவளும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். பள்ளிக்கூடமும் அவளுடைய மருந்தகமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. நான் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவள் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

எங்கள் ஊர் ஆவூருக்குக் கிழக்கே, கீரனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் கொஞ்சம் வரகும் கடலையும் விளையும். பெய்யாவிட்டால் பாறைதான். ஊருக்குத் தெற்கே கல்குவாரி. ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் ஜல்லி அங்கிருந்து போயிற்று. ஆண்கள் பாறையில் ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடித்துப் பிளப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். வேதக்காரர்களும் இந்துக்களும் ஒரே பாறையில்தான் வேலை செய்தார்கள். வெயில் யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டு அடிப்பதில்லை.

பங்கிராஸ் ஞானமணியின் அண்ணன். தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவருக்கு மீசை அரும்பியிருந்தது, அவள் பாவாடை கட்டத் தெரியாத குழந்தை. சோறு பொங்கிப் போட்டு, தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அவர்தான். கல் உடைக்கிற கையால் பின்னிய சடை கோணல் மாணலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது அவள் அழவில்லை, சிரித்தவளைப் பிடித்துக் கிள்ளினாள் என்று எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் சொல்லுவார்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் கன்னியாஸ்திரிகள் அவளைத் திருச்சிக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பச் சொன்னார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. கீரனூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடப் போன பங்கிராஸ், "ராஜாவும் போயிட்டாரு, நீயும் போற. நானும் நம்ம குவாரி மலையாண்டி மேஸ்திரியும்தான் இனிமே இங்கிட்டு ஆட்சி பண்ணணும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ரயில் நகர்ந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் படித்து முடித்துத் திரும்பி வந்தபோது பங்கிராஸுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி அருளம்மாள் திருவரங்குளத்துப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். கோயிலில் முழந்தாள்படியிட்டால் எழுந்திருக்கமாட்டாள். நாத்தனார் நர்ஸாக வந்ததில் அவளுக்குப் பெருமை. ஞானமணி மருந்தகத்தை ஒட்டிய அறையில் தங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வாள், பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கும் தேய்த்துவிடுவாள். இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். பின்னால் நடந்ததை நினைத்தால் இதைச் சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை.

குவாரியில் ஆட்கள் நாற்பது வயதைத் தாண்டுவதற்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நேற்று சம்மட்டி பிடித்தவன் இன்று பனைமரத்தடியில் உட்கார்ந்தபடியே போயிருப்பான். மாரடைத்துவிட்டது என்பார்கள், முனி அடித்துவிட்டது என்பார்கள். அதற்கு முன்னால் அவன் ஆறு மாதமாகக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே தூங்கியிருப்பான். அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. ஞானமணி அதை நோய் என்றாள். திருச்சியிலிருந்து மாதம் ஒரு தடவை வரும் டாக்டரம்மாவிடம் கேட்டு, பிரஷர் பார்க்கிற கருவியையும் நெஞ்சு கேட்கிற குழாயையும் எடுத்துக்கொண்டு மத்தியானக் கஞ்சி வேளையில் குவாரிக்கே போனாள்.

மேஸ்திரி மலையாண்டிக்கு அது பிடிக்கவில்லை. "நெஞ்சப் பாத்து என்னங்க நர்சம்மா ஆகப்போகுது. கை நல்லா இருந்தாப் போதுங்க நமக்கு" என்றார்.

"கையி நெஞ்சோடதானே ஒட்டியிருக்கு மேஸ்திரி. மொதல்ல நீங்க உக்காருங்க" என்று அவரையே உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றிவிட்டாள். பட்டை இறுகியதும் மேஸ்திரி முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். சிரிக்க வைத்துக் காரியம் சாதிப்பதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி.

கடைசியில் வந்தவர் பங்கிராஸ். குழாயை அவர் மார்பில் வைத்தாள். நகர்த்தி வைத்தாள். திரும்ப முதல் இடத்திலேயே வைத்தாள். பிறகு குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"என்னத்தா சொல்லுது உள்ள?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லண்ணே. எந்திரிங்க" என்றாள்.

அந்தக் குவாரியில் அவள் கேட்ட நெஞ்சுகளிலேயே மோசமான நெஞ்சு அவளை வளர்த்தவருடையது. அன்று சாயங்காலம் மருந்தகத்து வாசலில் அவள் நின்றிருந்த நிலையைப் பார்த்து நான் என்னவென்று கேட்டேன். "சார், எங்க அண்ணன் இன்னும் ரொம்ப நாள் தாங்கமாட்டாரு, இப்படியே விட்டா" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு மூன்று காரியம் சொன்னார். சம்மட்டியைத் தொடக்கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற வேண்டும். தினம் மாத்திரை சாப்பிட வேண்டும். உப்பை அடியோடு விட வேண்டும். நெஞ்சு தளர்ந்தவன் உடம்பில் உப்பு சேரச் சேர நீர் சேரும், நீர் சேரச் சேர நெஞ்சு இன்னும் தளரும் என்று விளக்கமாகச் சொன்னார். பங்கிராஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெண்களோடு உட்கார்ந்து ஜல்லி உடைக்கக்கூட ஒப்புக்கொண்டார். மாத்திரையும் விழுங்கினார். உப்பில்தான் மாட்டிக்கொண்டது.

குவாரிக்காரன் சாப்பாடு என்ன பெரிய சாப்பாடு. கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் நீச்சத்தண்ணீர். அதில் ஒரு கை உப்பு. கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. உப்பை எடுத்துவிட்டால் அந்தச் சாப்பாட்டில் மிச்சம் இருப்பது ஈரம்தான். பங்கிராஸ் இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்துப் பாறைக்காரனிடம் கருவாட்டுத் துண்டு வாங்கிக் கடித்தார். "வாந்தி வருது ஞானம். நான் என்ன செய்யட்டும்" என்றார். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்போதுதான் தபசு காலம் வந்தது, உயிர்த்த திருநாளுக்கு முந்தின நாற்பது நோன்பு நாட்கள். ஐம்பத்தேழாம் வருஷம்.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நாளில் ஒரு வேளை கஞ்சி தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர், தபசு காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து முகம் வாடாமல் வேலைக்குப் போவார். ஒருவர் வெற்றிலையை விடுவார், ஒருவர் மீனை விடுவார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொண்டதுதான், பெற்ற பிள்ளை வந்து கெஞ்சினாலும் தொடமாட்டார்கள். ஞானமணி இந்த ஜனத்தில் பிறந்தவள். தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, இந்தத் தபசுக்கு மாதாவுக்கு உப்ப நேந்துக்கங்க. ஒங்க நெஞ்சு சொகமாகணும்னு நேந்துக்கங்க" என்றாள்.

பங்கிராஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்பையா? யாரும் இது வரைக்கும் அத விட்டதில்லையே" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. டாக்டர் சொன்னபோது தொண்டையில் இறங்காத கஞ்சி, மாதாவுக்கு என்றதும் இறங்கியது.

அவரோடு குவாரியில் கால் வீங்கியிருந்த மற்றவர்களிடமும் அவள் இதையே சொன்னாள். அதில் ஒருவன் இருளாண்டி. அவன் வேதக்காரன் இல்லை. "ஆவூர் மாதா எங்களுக்கும் ஆத்தாதானுங்களே" என்று அவனும் நேர்ந்துகொண்டான். செய்தி பரவி, நோயே இல்லாத சம்மட்டிக்காரர்கள் எல்லாம் உப்பை விட்டார்கள். வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவன் உப்பை விட்டால் என்ன ஆகும்? கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பாறையிலேயே விழுந்தார்கள். ஞானமணி ஓடிப்போய் அவர்கள் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றி, "நீங்கள்லாம் சுருட்ட விடுங்க, சாமிக்கு அதுதான் பிடிக்கும்" என்று திருப்பிவிட்டாள். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு உப்பு வேண்டும் என்று அவள் பிரித்துப் பார்த்துத்தான் சொன்னாள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளைக் குறை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்த நாட்களில் மேஸ்திரி மலையாண்டிக்குத்தான் கஷ்டம். வேலை சுணங்கினால் அவர் வழக்கமாகத் திட்டுவது, "சோத்துல உப்புப் போட்டுத்தானேடா திங்கிறீங்க" என்பதுதான். அதைச் சொன்னால் இருளாண்டி கும்பிட்டு, "இல்லைங்க மேஸ்திரி, உயிர்த்த திருநாள் வரைக்கும் இல்லைங்க" என்பான். பாறையே சிரிக்கும்.

பங்கிராஸுக்கு வீக்கம் வடிந்தது. நானே பார்த்தேன். முதலில் முழங்கால் தெரிந்தது, பிறகு கணுக்கால் எலும்பு தெரிந்தது. படுத்துத் தூங்க ஆரம்பித்தார். பெரிய வியாழனன்று வந்த டாக்டரம்மா அவர் நெஞ்சைக் கேட்டுவிட்டு ஞானமணியின் தோளைத் தட்டினார். "இத உசிரு இருக்கிற வரைக்கும் விடாம வச்சுக்கணும்" என்றார். ஞானமணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

நேர்ச்சையை எப்படி முடிப்பது என்று பங்கிராஸுக்கு ஒரு யோசனை வந்தது. ஒறுத்ததை மாதாவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார். நேர்ந்துகொண்ட வீடுகளில் சமையலுக்குப் போட வேண்டிய உப்பை ஒரு பானையில் சேர்த்து வந்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் அதையெல்லாம் கொண்டுவந்து மாதா பீடத்தின் அடியில் கொட்டினார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எங்கள் கோயிலில் எந்தக் காணிக்கையானாலும் மந்திரித்ததில் ஒரு கை திருப்பித் தருவது வழக்கம். அன்றும் தந்தார்கள். மீதி உப்பில் கொஞ்சம் அன்றைய அசன விருந்துக்குப் போயிற்று, மற்றது கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வசம் இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஞானமணி தூணோரம் நின்று அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடுகளிலிருந்து உப்பெல்லாம் வெளியே வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம்.

அடுத்த நாளே வீடு வீடாகப் போய், இனிமேலும் உப்பு வேண்டாம் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேர்ச்சை முடிந்துவிட்டது, சுகம் கிடைத்துவிட்டது. அண்ணனும் அதையேதான் சொன்னார்.

"மாதா குடுத்த சொகம்த்தா இது. இன்னமும் ஒறுத்துக்கிட்டே இருந்தா, நீ குடுத்தது பத்தலன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்றாப்பல ஆயிரும்."

"மாதா குடுத்ததுதாண்ணே. உப்ப விட்டதுனால குடுத்தா. திரும்பச் சேத்தா வீக்கம் திரும்பிரும்."

"நேர்ச்சைன்னு நீதானே சொன்ன."

 உங்களைக் குடிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அழுகைதான் வந்தது. தங்கை அழுதால் பங்கிராஸ் தாங்கமாட்டார்.

"சரி சரி, அழுவாத. ஒனக்காக உப்பு எங்க வீட்டு அடுப்புல ஏறாது. போதுமா" என்றார்.

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். சத்தியமாகக் காப்பாற்றினார். உப்புப் பானையை அருளம்மாள் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் மந்திரித்த உப்பு ஒரு மண் கலயத்தில் துணி கட்டி மாதா படத்தின் கீழே மாடத்தில் இருந்தது. கோயில் தீர்த்தத்தை யாராவது தண்ணீர் என்பார்களா? அவர்கள் இருவருக்கும் அது உப்பே இல்லை. நேர்ச்சை பலித்து மாதா கையிலிருந்து வந்த மருந்து. புருஷன் கஞ்சியில் அருளம்மாள் அதில் ஒரு சிட்டிகை போட்டு, சிலுவை வரைந்து கொடுத்தாள். முதலில் சிட்டிகைதான்.

சித்திரை வெயிலில் வீக்கம் திரும்பியது. திரும்பவும் அவர் சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். அருளம்மாள் பயந்துபோனாள். புருஷனுக்கு முடியாமல் போனால் மனைவி என்ன செய்வாள்? மருந்தைக் கூட்டுவாள். சிட்டிகை ஒரு விரல்கடையாகி, பிறகு கைப்பிடியாயிற்று. கலயம் காலியானதும் கோயில்பிள்ளையிடம் போய்க் கேட்டு மீதி உப்பிலிருந்து மறுபடியும் வாங்கி வந்தாள். மனிதர் வீங்க வீங்க அவள் போட்டாள், அவள் போடப் போட மனிதர் வீங்கினார்.

டாக்டரம்மா வந்தபோது, "உங்க அண்ணன் உப்புச் சாப்பிடுறார்" என்று கோபமாகச் சொன்னார்.

"இல்லைங்கம்மா. எங்க அண்ணன் வாக்குக் குடுத்தாத் தவறமாட்டாரு" என்றாள் ஞானமணி.

இருந்தாலும் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். உப்புப் பானை கவிழ்ந்துதான் இருந்தது. கருவாட்டு வாசனைகூட இல்லை. கஞ்சியை ருசி பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. மாத்திரை கூடியது. நீர் பிரிவதற்கு ஊசி போட்டாள். கிளம்பும்போது தினமும் அந்த மாடத்துக்கு முன்னால், அந்தக் கலயத்துக்கு முன்னால் முழந்தாள்படியிட்டு அண்ணனுக்காக வேண்டிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம் பங்கிராஸ் போனார். நிலைப்படிக்கு உள்ளே ஒரு சாக்கைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். ஞானமணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருந்தேன் ஞானம். நேர்ச்சையில எங்கிட்டோ கொற வச்சுட்டேன் போல" என்றார்.

"ஒரு கொறையும் இல்லண்ணே. ஒங்கள மாதிரி யாரும் செய்யல" என்றாள் அவள்.

அதைக் கேட்டாரா இல்லையா தெரியாது. அவள் விரலுக்கடியில் நாடி நின்றுவிட்டது. நல்ல மனிதர். தன் மேல் குறை வைத்துக்கொண்டு போனார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மூன்றாம் நாள் துக்க வீட்டில் ஊர்ப் பெண்கள் உள்ளே இருந்தார்கள். நாங்கள் ஆண்கள் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இருளாண்டிக்கும் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவன் மனைவி செவந்தி துக்கம் கேட்க வந்தவள், தன் புருஷனை நினைத்துச் சேர்த்து அழுதாள். அருளம்மாள் எழுந்து போய் மாடத்திலிருந்து அந்தக் கலயத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அழுவாத செவந்தி. இது மாதா உப்பு, மந்திரிச்சது. எங்க வீட்டுக்காரரு இதுலதான் கடைசி வரைக்கும் ஒரு வா கஞ்சி குடிச்சாரு. மிச்சம் இருக்கு, ஒம் புருசனுக்குக் குடு. தாராளமாப் போடு. நான் மொதல்ல கொஞ்சமாப் போட்டுட்டேன், அதுதான் பத்தாமப் போச்சு" என்று சொல்லிச் செவந்தி மடியில் வைத்தாள்.

 உள்ளேயிருந்து ஞானமணியின் குரல் கேட்டது. "எப்பலேருந்து மதினி?"

"திருநாள்லேருந்து. முடியாமப் போனதுக்கப்புறம் அள்ளி அள்ளிப் போட்டேன்."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். ஞானமணியின் பார்வை செவந்தி மடியிலிருந்த கலயத்தின் மேல் இருந்தது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் அருளம்மாள் ஆயுசு முழுக்க, புருஷனுக்கு மாதா மருந்து ஊட்டி அனுப்பினோம் என்ற நிம்மதியோடு இருந்திருப்பாள். ஆனால் இருளாண்டி ஆடி மாசத்தைப் பார்த்திருக்கமாட்டான். ஞானமணி போய்ச் செவந்தி மடியிலிருந்து கலயத்தை எடுத்தாள்.

"இது வேணாம் செவந்தி. மந்திரிச்சாலும் உப்பு உப்புதான். எங்க அண்ணன் ஒடம்ப வீங்க வச்சது இதுதான். இருளாண்டிக்குக் குடுத்தா அவரும் போயிருவாரு" என்றாள்.

அருளம்மாள் அவளையே பார்த்தாள். "அப்ப நானா?" என்று கேட்டாள்.

"நீங்க இல்ல மதினி. நேர்ச்சைன்னு சொன்னவ நான்."

"அதக் கேக்கல நான். எங்கையால போட்டதுதானா?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். செவந்தி கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் அவள் அந்த உப்பை வீட்டுக்குக் கொண்டுபோவாள், கோயில்பிள்ளையிடம் இன்னும் வாங்குவாள். நேர்ந்துகொண்ட வீடெல்லாம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தன.

"ஆமா மதினி" என்றாள் ஞானமணி.

அருளம்மாள் கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. தரையில் மெதுவாக உட்கார்ந்தாள். "என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் அவள் ஞானமணியோடு பேசவில்லை. ஒரு மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டாள்.

ஞானமணி நேர்ந்துகொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். எங்கள் அண்ணனை இந்த உப்புதான் கொண்டுபோயிற்று என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். சொல்லச் சொல்ல மதினியின் பேரும் கூடவே போயிற்று, அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. மாதாவைப் பழித்துவிட்டாள் என்று சிலர் பேசினார்கள். அண்ணனைத் தின்றுவிட்டு மதினி தலையில் போட்டாள் என்று வேறு சிலர். அப்போது வைத்ததுதான் உப்பு நர்சம்மா என்ற பெயர். வைத்தவர்கள் ஒருவர் விடாமல் அவள் சொன்ன பிறகு உப்பைக் குறைத்தார்கள், அவள் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கினார்கள். இருளாண்டி பிழைத்தான். குவாரியில் காவல்காரனாகி, பேரன் பேத்தி பார்த்தான். அவன் கும்பிட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நன்றாகத்தான் பேசுவாள். அவன் போன பிறகு ரொம்ப நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதா மாதம் மதினிக்கு ஏதாவது கொடுத்தனுப்புவாள், போன மாதிரியே திரும்பி வரும். நேர்ச்சை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவள் வாயில் நான் கேட்டதில்லை. கால் வீங்கியவன் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கஞ்சியை வாங்கித் தானே ருசி பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். யார் முகம் சுளித்தாலும் கவலைப்படமாட்டாள்.

அறுபத்துமூன்றில் திருவரங்குளத்துப் பக்கம் ஒரு கண்மாய் வெட்டினார்கள். மண் சுமக்கிறவர்களின் நெஞ்சையும் பிரஷரையும் பார்க்க டாக்டரம்மா ஞானமணியைக் கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பெயர் கூப்பிட நானும் போனேன். கரையில் நாலு கம்பு நட்டுச் சாக்குப் படுதா கட்டியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மத்தியானத்துக்கு மேல் என் முன்னால் வந்து நின்றவள் அருளம்மாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைத் தெரிந்த மாதிரி அவள் காட்டிக்கொள்ளவில்லை. நானும் பெயரை மட்டும் கூப்பிட்டேன்.

படுதாவுக்குள் பட்டைக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஞானமணி பேசினாள். "நெஞ்சு நல்லா இருக்கு மதினி."

"இருக்கும்" என்றாள் அருளம்மாள். "அன்னையிலேருந்து நான் உப்புச் சேக்குறதில்ல."

"மண்ணு சொமக்குறீங்களே மதினி. ஒங்களுக்கு உப்பு வேணும். சேத்துக்கங்க, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் ஞானம்."

சேலையைச் சரிசெய்துகொண்டு அவள் வெளியே வந்தாள், கூடையை எடுத்துக்கொண்டு கரையேறிப் போனாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஞானமணி, "கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள்.